'வாங்க' என்று சொன்னதற்கு

பதில் வரவில்லை.

நவ்ஃபா வாயில் ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது பக்கத்தில் கடந்து போனால் "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்வது அந்த ஊரில் மூச்சு விடுகிற மாதிரி. யாரும் யோசித்துச் சொல்வதில்லை. கடந்து போகிறவரும் நின்று உட்கார்ந்துவிட மாட்டார்; "உடம்புல ஒட்டட்டும்" என்று நடையைத் தளர்த்தாமலே சொல்லிவிட்டுப் போய்விடுவார். கூப்பிடுகிறவளுக்கும் தெரியும், வரமாட்டார் என்று. போகிறவருக்கும் தெரியும், வரக்கூடாது என்று. கூப்பிடாமல் விட்டால்தான் ஊரில் பேச்சாகும்.

இன்றும் அப்படித்தான் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம். வெறுங்கால், ஈரக் கல்லில் பதிந்து, ஒட்டி, எடுபடுகிற சத்தம். புருஷன் அவ்வாத்தாக இருக்கும், இல்லாவிட்டால் தப்பிப் போன ஆட்டைத் தேடி எவனாவது வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். காலடி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. மேலே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

நல்ல மத்தியானம்தான். ஆனால் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் மத்தியானம் ஏது, சாயங்காலம் ஏது? கோட்டையின் பெரிய வளைவுக் கூடத்துக்குள் பனி புகை மாதிரி தவழ்ந்து வந்து, இடிந்த தூண்களின் காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை, வருஷக்கணக்காக ஆடு அடைத்த புழுக்கை வாசனை, எங்கோ கூரைக் கல் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். பரங்கியர் கட்டி, சுல்தான்கள் பிடித்து, பூகம்பம் பாதியைத் தள்ளி, மிச்சத்தை ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கொண்டுபோன கோட்டை அது. மிஞ்சி நிற்கும் சுவர்களுக்குக் காவல்காரன் அவள் புருஷன் அவ்வாத். குளிர்காலத்தில் பார்க்க வருகிறவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் வாசலைப் பூட்டித் திறக்க ஆள் வேண்டுமே. அதனால் நவ்ஃபா தினமும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்குச் சாப்பாடு எடுத்து வருவாள். காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்துப் பருப்போடு கொதிக்கவைத்த கஞ்சி, துணியில் சுற்றிய ரொட்டி.

"யாரு யம்மா?" என்றாள் ஷம்மா. ஐந்து வயது. மூக்கு நுனியில் கஞ்சி ஒட்டியிருந்தது.

"யாரோ போறாங்க. நீ சாப்பிடு."

"போகலையே. நிக்கிறாங்க."

குழந்தை சொன்ன பிறகுதான் அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அதே நேரத்தில் கூடத்தின் எதிர் வாசலில் செருமல் கேட்டது. அவ்வாத் தோளில் படிந்த பனி ஈரத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வெளி வாசலிலிருந்து வருகிறான். அதாவது, நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து.

"எனக்குக் காத்திருக்க முடியலையா ரெண்டு பேருக்கும்? பசி தாங்காத கூட்டம்!"

"அந்தப் பக்கம் யாருங்க?" என்றாள் நவ்ஃபா.

"எந்தப் பக்கம்?"

"இந்தச் சுவருக்குப் பின்னால. நடக்கிற சத்தம் கேட்டுது. நான் சாப்பிட வரச் சொன்னேன்."

அவ்வாத் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "அங்க நிக்கணும்னா பருந்தாப் பிறக்கணும், ஷம்மாவைப் பெத்தவளே! பனியில திசை குழம்பிட்டியா? அது பள்ளத்துப் பக்கச் சுவர்."

ஆமாம். பள்ளத்துப் பக்கச் சுவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த சுவர். அதன் வெளிமுகம் பாறையோடு பாறையாக நேரே கீழே இறங்கும். கால் வைக்க ஒரு புல் முளைத்த இடம்கூடக் கிடையாது. நவ்ஃபா எழுந்து, அம்பு எய்யும் அந்த ஒடுக்கமான பிளவில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை. எப்போதும் அந்தப் பிளவில் அடைந்து கிடக்கும் புறாக்கள் இன்று ஒன்றுகூட இல்லை. முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. பட்டு, திரும்ப உள்ளிழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"இந்த ரொட்டியை யாரு கடிச்சது?" என்று அவ்வாத் கேட்டுக்கொண்டிருந்தான். துணியில் தனியாகச் சுற்றி வைத்த அவன் பங்கு. அதன் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கடிகள். "எலி கடிச்ச மாதிரி! ஷம்மா, நீயா?"

"நான் இல்ல," என்றாள் ஷம்மா, தன் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

கீழே இறங்கும்போது நவ்ஃபா காலி தூக்குப்பாத்திரத்தை ஒரு கையிலும் மகளை மறு கையிலும் பிடித்திருந்தாள். அத்திமரங்கள் இலையில்லாமல் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து பின்னால் மறைந்தன. பாதி வழியில்தான் கவனித்தாள்: ஷம்மா பாதையின் ஓரமாக, முள்செடி காலில் உரச உரச நடந்துகொண்டிருந்தாள். தாயும் மகளும் கையை முழுக்க நீட்டினால்தான் எட்டுகிற தூரம்.

"ஏன்டி ஓரத்துலயே போற? முள்ளு குத்தலையா? பக்கத்துல வா."

"இடம் வேணாமா?"

"யாருக்கு இடம்?"

ஷம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தெரிந்துகொண்டே கேட்கிறாளே என்பது போல ஒரு பார்வை.

நவ்ஃபா குழந்தையை அள்ளித் தூக்கிக்கொண்டாள். ஷம்மாவுக்கு முன்னால் மூன்று, வயிற்றில் தங்காமலே போனவை. நாலாவது இவள் உயிரோடு பிறந்து அழுதபோது, அழுகை நின்றுவிடுமோ என்று பயந்து நவ்ஃபா மருத்துவச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தப் பயம் இன்றுவரை அவளை விட்டுப் போனதில்லை. காய்ச்சல் என்றால், கிணற்றடி என்றால், தெருவில் லாரி வந்தால், உடனே கை அந்தக் குழந்தையைத் தேடும். இப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வீட்டு முற்றத்தில் அவ்வாத்தின் அக்கா ஃபித்தா காயாத துணிகளைத் திட்டிக்கொண்டே கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். ஊருக்கே கேட்கிற தொண்டை.

"என்னடி, மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருக்கு? என் தம்பி ஏதாவது சொன்னானா?"

நவ்ஃபா சொன்னாள். சொல்லச் சொல்ல ஃபித்தாவின் வாய் கோணிக்கொண்டு போய்க் கடைசியில் சிரிப்பு வெடித்தது. "ஜின்னைப் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டியா? அதுவும் உன் பருப்புக் கஞ்சிக்கு! உப்பே போட மாட்டியேடி நீ. ஒரு ஆட்டையாவது அறுத்துட்டுக் கூப்பிட்டிருக்கக்கூடாதா? நம்ம மானமே போச்சு!"

"விளையாடாதீங்க அக்கா. பள்ளத்துப் பக்கம் கேட்டுது."

"பள்ளத்துப் பக்கமா?" ஃபித்தாவின் கை கொடியிலேயே நின்றது. "அந்தக் காலத்துல முற்றுகை போட்டாங்கல்ல, உள்ள இருந்தவங்க செருப்புத் தோலை வேகவெச்சுத் தின்னாங்களாம். அதுவும் தீர்ந்ததும் வாயைக் குறைக்கணும்னு, சின்னச் சின்ன வாயை எல்லாம் அந்தச் சுவர் வழியாத்தான்..." ஷம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அட, யாரு கண்டா? எல்லாம் கதை. போ, போய் அடுப்பைப் பத்தவை. பிள்ளை கை ஐஸா இருக்கு."

வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

கோட்டைக் கல்லில் கட்டிய வீடுதான்; மழைக்காலத்தில் கல் ஈரத்தை இழுக்கும். அப்படித்தான் நவ்ஃபா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஷம்மாவின் காலைத் துடைத்துக் கம்பளி உறை மாட்டினாள். வாசனை போகவில்லை. எங்கிருந்து வருகிறது என்று முகர்ந்துகொண்டே போனவள், விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கிய முன்னறையின் வாசலில் நின்றுவிட்டாள். அங்கே சுவரோரமாக மெத்தைகள் வரிசையாக விரித்துக் கிடக்கும். நேற்றுத்தான் தட்டிப் போட்டாள்; மேலே ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டிருந்தாள்.

மரியாதைக்குரியவர் உட்காரும் மூலை மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். யாரோ உட்கார்ந்திருக்கிற பள்ளம்.

பெரிய ஆள் உட்கார்ந்தால் அப்படி ஆகாது. அவ்வளவு சின்னது. பூனை சுருண்டு படுத்த இடம் அளவுக்கு, அல்லது ஷம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அந்த அளவுக்கு. ஆனால் ஷம்மா அடுப்படியில் பொம்மையோடு பேசிக்கொண்டிருக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. நவ்ஃபா பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்தப் பள்ளம் லேசாக நகர்ந்தது. உட்கார்ந்திருப்பவர் வசதியாகச் சாய்ந்துகொள்கிற மாதிரி.

நவ்ஃபா பின்னாலேயே நடந்து அடுப்படிக்குப் போய் ஷம்மாவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அவ்வாத் இருட்டுகிற நேரத்தில் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன், குனிந்தபடியே அப்படியே நின்றான். வாசற்கல்லில் ஈரக் காலடிகள். வெறுங்கால். உள்ளே போகிறவை மட்டும்; வெளியே வருகிறவை இல்லை. அவன் கையளவுகூட இல்லாத காலடிகள். நிமிர்ந்தான். முன்னறையைப் பார்த்தான். அவனறியாமலே வாய் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

நவ்ஃபா அவன் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்து வந்தாள். "சிரிச்சீங்களே! இப்பச் சிரிங்க பார்ப்போம். வெளிய போகச் சொல்லுங்க அதை."

"எப்படிச் சொல்றது? வான்னு கூப்பிட்டது நீ."

"தெரியாம வாய் தவறிச் சொன்னேன்!"

"நம்ம ஊர்ல எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க. அதுக்காக வந்தவங்களைப் போன்னு சொன்னது உண்டா? என் அப்பன் சொன்னதில்ல, அவர் அப்பன் சொன்னதில்ல." குரல் வீறாப்பாகத்தான் ஆரம்பித்தது, முடிகிறபோது உடைந்துவிட்டது.

"அப்ப நாம போயிடலாம். வண்டியை எடுங்க. மஆன் பட்டணத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"வெளிய பாரு. நீட்டின கை தெரியல. அந்த வளைவுல உருண்டா எலும்பு மிஞ்சாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்படியே போனாலும், கூடவே வந்து ஏறி உட்கார்ந்துட்டா?"

ஷம்மா இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அடுப்பின் சூடு படுகிற நல்ல இடம் காலியாக இருந்தது. அவளேதான் தள்ளி உட்கார்ந்து அந்த இடத்தை விட்டிருந்தாள்.

அவ்வாத் ஓதிப் பார்த்தான். சிறு வயதிலிருந்து மனப்பாடமான வசனங்கள் பாதியில் நழுவி நழுவிப் போயின. முன்னறையில் எதுவும் அசையவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. கடைசியில் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தவன்போலச் சொன்னான்: "விருந்தாளின்னா விருந்தாளி மாதிரியே நடத்திட்டு அனுப்பிடுவோம். சாப்பிடக் கூப்பிட்டோம், என் ரொட்டியைச் சாப்பிட்டாச்சு. காப்பி குடிச்சா விருந்து முடிஞ்சது. யாரா இருந்தாலும் அப்புறம் எழுந்திருச்சுத்தானே ஆகணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நவ்ஃபா பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாததால் அதைப் பிடித்துக்கொண்டாள். ஷம்மாவை உள்ளறையில் படுக்கவைத்து, போர்வையை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, தூங்கும்வரை முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு காப்பிக்கொட்டையை வறுத்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். பாதி ஏலக்காய் தரையில் உருண்டது.

முன்னறையில் குண்டு பல்பு மங்கலாக எரிந்தது. அடுப்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தும் மூச்சு விட்டால் புகை வந்தது. அவ்வாத் முறைப்படி முதல் கோப்பையைத் தான் குடித்தான், இதில் கெடுதல் எதுவும் இல்லை என்று காட்ட. அடுத்த கோப்பையில் ஒரு மடக்கு அளவு ஊற்றி, வலது கையால், மூலை மெத்தையின் முன்னால் நீட்டினான். வாங்க யாரும் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, தரையில் வைத்தான்.

காத்திருந்தார்கள்.

கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது. நேரே எழவில்லை, யாரோ முகர்ந்து பார்ப்பது போல மெத்தைப் பக்கமாகச் சாய்ந்தது. பிறகு கல்தரையில் ஒரு உரசல்.

கோப்பை நகர்ந்தது. மெத்தையை விட்டு. அவர்கள் பக்கமாக. ஒரு சாண் தூரம்.

அவ்வாத்தின் முகத்தில் ரத்தம் வற்றியதை நவ்ஃபா பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்த மலையில் பால்குடி மறந்த எல்லோருக்கும் புரியும். ஏதாவது வேண்டி வந்தவர்தான் காப்பியைக் குடிக்காமல் முன்னால் தள்ளி வைப்பார். பெண் கேட்டு வந்தாலும், கொலைப் பழிக்குச் சமாதானம் கேட்டு வந்தாலும் அதே முறைதான். என்ன வேண்டும் என்று வீட்டுக்காரன் முதலில் கேட்கக்கூடாது. கேட்டால் கஞ்சன் என்று பெயர். கேட்காமலே, "குடிங்க, வந்த காரியம் உங்களுக்கு முடிஞ்சது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. எதுவாக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். கோப்பை தரையில் இருக்கிறபோது அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்றால், தும்மல் வந்து மூக்கில் நிற்கும்போது அடக்குகிற கஷ்டம்.

அவ்வாத்தின் உதடு பிரிந்தது. "குடி..."

நவ்ஃபா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க," என்று அவன் காதில் மூச்சாகச் சொன்னாள். "அல்லாமேல ஆணை, சொல்லாதீங்க. அதுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியாது."

அவன் கண்ணில் நீர் முட்டி நின்றது. தலையை ஆட்டினான். தலைத்துணியின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கோ கீழே ராத்திரி இஷா தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பனிக்குள் அது கம்பளிக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. முடிந்ததும் இன்னும் அமைதியாகிவிட்டது.

மறுபடியும் உரசல்.

கோப்பை இன்னொரு சாண் நகர்ந்தது. இந்தத் தடவை அவ்வாத்தைப் பார்த்து அல்ல. நவ்ஃபாவைப் பார்த்து.

அவள் முழங்காலை இழுத்துக்கொண்டாள். முதுகு சுவரில் முட்டியது. சுவர் ஈரமாக இருந்தது.

உரசல். இன்னும் பக்கத்தில்.

மெத்தையில் பள்ளம் இல்லை. எழுந்துவிட்டது. எழுந்து, எங்கே நிற்கிறது?

ஈரச் சுண்ணாம்பு வாசனை அவள் முகத்துக்கு நேராக அடித்தது. மூச்சு. சின்ன மூச்சு. வேகமாக, ஆவலாக, எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கும் குழந்தை விடுகிற மூச்சு. கோப்பை அவள் கால்விரலைத் தொட்டது. காப்பி இன்னும் சுட்டது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பயத்தையும் மீறி அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "தர மாட்டேன்!" என்றாள். "என் வீட்டுல இருக்கிறது எதை வேணா எடுத்துக்க. ஷம்மாவைத் தர மாட்டேன். என் பிள்ளை மேல கை வைக்க விட மாட்டேன். எடுத்துட்டுப் போ உன் கோப்பையை!"

மூச்சு நின்றது.

பிறகு கோப்பை மெதுவாக, மிக மெதுவாக, அவள் விரலை விட்டுப் பின்னால் நகர்ந்தது. அறையின் நடுவில் போய் நின்றது. அவ்வாத் வாயிலிருந்து துணியை எடுத்தான். அவன் முகத்தில் நம்பிக்கை மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. மறுத்துவிட்டாள். அவன் பரம்பரையில் எந்த ஆணும் செய்யாததை அவள் செய்துவிட்டாள், அதுவும் கேட்டுக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது.

"குடிங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வந்த காரியம் உங்களுக்கு முடிஞ்சது."

உள்ளறை வாசலில் ஷம்மா நின்றாள். போர்வையைப் பெரிய மனிதர்களின் அங்கி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, தாடையை நிமிர்த்தி, தாத்தாக்கள் சொல்கிற அதே கனத்த தோரணையில் சொன்னாள். கோடையில் ஃபித்தாவின் மகனுக்குப் பெண் கேட்கப் போனபோது பார்த்திருக்கிறாள். யாரும் குடிக்காத கோப்பை, பெரியவர் ஒருவர் சொன்ன அந்த வார்த்தை, உடனே எல்லோரும் சிரித்தது, கை கையாக மிட்டாய் வாரி இறைத்தது. இப்போதும் சொல்லிவிட்டு, தூக்கக் கண்ணோடு சிரித்தபடி, மிட்டாய் எங்கே என்பது போல அம்மாவைப் பார்த்தாள்.

கோப்பை எழுந்தது. சாய்ந்தது. ஒரே மடக்கு. விழுங்குகிற சத்தம் சுவர் முழுக்கக் கேட்டது.

பல்பு மின்னி, ஒரு நொடி அணைந்து, எரிந்தது. அந்த ஒரு நொடிக்குள் நவ்ஃபா எப்படி எழுந்தாள், எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையை வாரி நெஞ்சோடு சேர்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் சரிந்தாள். எது வந்து இழுத்தாலும் கையைத் துண்டித்தாலொழிய விடுவதில்லை என்று இறுக்கினாள். சின்னக் கைகள் இரண்டும் அவள் கழுத்தைச் சுற்றி வளைத்தன. கன்னம் கழுத்துக் குழியில் வந்து பொருந்தியது. இருக்கிறாள். என் பிள்ளை இருக்கிறாள். யாரும் இழுக்கவில்லை.

"போயிடுச்சு," என்றான் அவ்வாத். அவன் அழுதான், சிரித்தான், தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். "நவ்ஃபா, கண்ணைத் திற. வாசனையே இல்லை பாரு. கோப்பை காலி. போயிடுச்சு! அல்லாவுக்கே எல்லாப் புகழும், ஒண்ணும் எடுக்காமப் போயிடுச்சு!"

நிஜந்தான். அறை சூடாகிக்கொண்டு வந்தது. அடுப்பின் அனல் இப்போதுதான் முதல்முறையாக அவள் காலில் பட்டது. நவ்ஃபா குழந்தையின் தலைமுடியில் முத்தமிட்டாள், முதுகைத் தடவினாள், அழுதுகொண்டே மிட்டாய் தருகிறேன் என்றாள், உனக்கு ஊரில் உள்ள மிட்டாய் எல்லாம் தருகிறேன் என்றாள்.

வெளியே ஃபித்தாவின் தொண்டை கேட்டது.

"ஏய் நவ்ஃபா! அறிவு இருக்காடி உனக்கு? இந்தப் பனியில பிள்ளையை வெறுங்காலோட வெளிய விட்டிருக்கியே! என் முற்றத்தைத் தாண்டி மேல கோட்டைப் பக்கம் அழுதுகிட்டே போகுது. கத்திக் கத்திக் கூப்பிடுறேன், நிக்க மாட்டேங்குது! அவ்வாத்! எங்கடா இருக்கே? ஓடுடா, ஷம்மா போறாடா!"

அவ்வாத் வாசலைப் பார்த்தான். நவ்ஃபாவின் மடியைப் பார்த்தான். மறுபடியும் வாசலைப் பார்த்தான்.

அப்போதுதான் அது கேட்டது. மேலே, பனிக்குள், அத்திமரங்களுக்கும் அப்பால். "யம்மா!"

பயந்து, மூச்சு வாங்கி, கல் தடுக்கி அழுகிற குரல். ஆயிரம் குழந்தைகள் ஒன்றாக அழுதாலும் நவ்ஃபா பிரித்தறிந்துவிடுகிற குரல்.

அவ்வாத் வெளியே பாய்ந்தான். செருப்புக்கூடப் போடவில்லை. அவன் கூப்பிடுகிற சத்தமும் ஃபித்தா கூப்பிடுகிற சத்தமும் மேட்டில் ஏறி ஏறித் தேய்ந்துகொண்டே போயின. நவ்ஃபா எழ முயன்றாள். முடியவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் எழ விடவில்லை. ஒரு விரலைப் பிடித்துப் பிரித்தாள். பிரித்த விரல் பொறுமையாக மறுபடி வந்து அதே இடத்தில் பதிந்தது. கோபம் இல்லாத, அவசரம் இல்லாத பிடி. ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்ததைப் பிடிக்கிற பிடி.

"யம்மா!" என்று மேலே இன்னொரு தடவை கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவள் கழுத்தில் முகம் புதைத்திருந்த அது மெதுவாகத் தலையை நிமிர்த்தத் தொடங்கியது.